‘டிஸ்கஸ்டிங்’ என்னும் ஆங்கிலப் பெயரடையும் தமிழின் இளிவரலும்: காரைக்கால் அம்மையார் வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வெறுப்பின் மிகுதியைச் சுட்டும் ‘டிஸ்கஸ்டிங்’ என்னும் ஆங்கிலப் பெயரடைக்குத் தமிழில் ‘அருவருப்பான’ என்பதே பெரும்பாலும் நேர்ச்சொல்லாக வழங்குகிறது. அவ்வாங்கிலச் சொல்லின் வரலாற்றையும் வழக்கையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழில் அதற்கு ஈடாக நிற்கும் வடிவங்களின் வேறுபாட்டை ஆராய்ந்து, தொல்காப்பியம் கூறும் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டோடு ஒப்பிடுகிறது. நற்றிணையின் நெய்தல் பாடல் ஒன்றும் பெரியபுராணத்துக் காரைக்கால் அம்மையார் வரலாறும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. வெறுப்பு யாருக்குத் தோன்றுகிறது என்பதைத் தமிழ்த் தொடர் வெளிப்படையாகக் காட்ட வல்லது என்பதும், மனிதரைக் குறிக்கும் இடங்களில் ‘அருவருப்பான’ என்னும் பெயரடை அவ்வாற்றலை இழக்கச் செய்கிறது என்பதும் கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச் சொற்கள்: அருவருப்பு, இளிவரல், இழிப்பு, பெயரடை, மெய்ப்பாடு, மொழிபெயர்ப்பு, காரைக்கால் அம்மையார்

முன்னுரை

காரைக்கால் அம்மையார் வரலாற்றைத் தமிழறியாத வாசகர் ஒருவருக்காக ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும் முயற்சியில் இக்கட்டுரைக்கான வினா எழுந்தது. புனிதவதியார் தம் ஊனுடம்பை உதறிப் பேயுருக் கொண்ட பகுதியை எழுதும்போது, அவ்வுருவத்தைக் குறிக்க ‘டிஸ்கஸ்டிங்’ என்னும் சொல் இயல்பாகவே வந்து விழுந்தது. எழுதிய தொடரைத் தமிழில் மீண்டும் சொல்லிப் பார்த்தபோது ‘அருவருப்பான உருவம்’ என்று அமைந்தது. மூலத்தைத் திரும்ப நோக்கினால், சேக்கிழார் அத்தகைய பொருளில் ஒரு சொல்லும் கூறவில்லை. கண்டவர் நிலையைக் கூறுமிடத்தும் அவர் வேறு இரு மெய்ப்பாடுகளையே காட்டுகிறார்.

இப்பிழை எங்கிருந்து நுழைந்தது? ஆங்கிலச் சொல்லின் பொருளிலிருந்தா, தமிழில் அதற்குத் தரப்படும் நேர்ச்சொல்லிலிருந்தா, அல்லது பெயரடை என்னும் இலக்கண வடிவத்திலிருந்தா? இவ்வினாக்களுக்கு விடை காண, முதலில் ஆங்கிலச் சொல்லின் வரலாறும் வழக்கும், அடுத்துத் தமிழ்ச் சொற்களின் இயல்பும், இறுதியில் இலக்கியச் சான்றுகளும் இங்கு ஆராயப்படுகின்றன.

சொல்லின் பிறப்பு

‘டிஸ்கஸ்ட்’ என்பது இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் வழியாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் நுழைந்த சொல். ‘குஸ்தஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சுவை என்பது பொருள். ‘டிஸ்’ என்பது எதிர்மறையையும் நீக்கத்தையும் உணர்த்தும் முன்னொட்டு. ஆகவே சொல்லமைப்பின்படி இதன் பொருள் ‘சுவையின் மறுப்பு’ என்பதே. பிரெஞ்சு மொழியில் இன்றும் ‘கூ’ என்றால் சுவை. ‘தெகூ’ என்றால் அருவருப்பு. ‘தெகூத்தான்’ என்பது ‘டிஸ்கஸ்டிங்’ என்பதற்கு நேரான பெயரடை. 1739 முதல் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டு, 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சியின் கீழ் வந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டமுறைப்படி இந்தியாவுடன் இணைந்த காரைக்கால் மண்ணுக்கு இவ்விரு சொற்களும் அயலாட்சி கொண்டுவந்த உடன்பிறப்புகள் எனலாம்.

பிறப்பு ஒன்றாயினும் வளர்ச்சி ஒன்றன்று. ஸ்பானிய மொழியில் இதே வேரிலிருந்து வந்த ‘திஸ்குஸ்தோ’ மனவருத்தத்தையும் எரிச்சலையும் குறிக்கிறதே அன்றிக் குமட்டலைக் குறிப்பதில்லை. ஆங்கிலத்திலேயே ‘டிஸ்டேஸ்ட்ஃபுல்’ என்னும் சொல்லும் சுவைமறுப்பு என்றே பொருள்படும் அமைப்புடையது. ஆயின் அதன் வன்மை மிகக் குறைவு. ‘எனக்கு உவப்பில்லை’ என்னும் அளவில் அது நின்றுவிடும். எனவே வேர்ப்பொருளை மட்டும் கொண்டு ஒரு சொல்லின் வழக்கை முடிவு செய்தல் பொருந்தாது. வேர், அது புறப்பட்ட இடத்தை மட்டுமே காட்டும்.

சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட மனித, விலங்கு உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றிய நூலில், இவ்வுணர்ச்சியை முதன்மையாகச் சுவையோடு தொடர்புபடுத்தி விளக்குகிறார். பிற்காலத்தில் அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின், வேண்டாத பொருளை வாயிலிருந்து விலக்கும் செயலில் தொடங்கும் இவ்வுணர்ச்சி உடல், இறப்பு, ஒழுக்கம் எனப் படிப்படியாக விரிகிறது என்னும் கருத்தை வளர்த்தார். ஆங்கிலப் பெயரடையின் வழக்கும் இவ்விரிவையே ஒத்திருக்கிறது.

ஆங்கில வழக்கில் பொருட்சாயல்கள்

‘டிஸ்கஸ்டிங்’ என்பது இன்றைய ஆங்கிலத்தில் குறைந்தது நான்கு சாயல்களில் வழங்குகிறது.

முதலாவது, உணவு, மணம், அழுக்கு முதலிய புலன்சார் பொருள். கெட்டுப்போன மீன், கழிவுநீரின் வாடை ஆகியவை இவ்வடையைப் பெறும். தமிழில் இவ்விடத்து ‘குமட்டும்’, ‘ஓங்கரிப்பு வரும்’, ‘அருவருப்பூட்டும்’ என்பன பொருந்தும்.

இரண்டாவது, ஒழுக்கம் சார்ந்த கண்டனம். வலியவர் எளியவரை ஏமாற்றுதல், பெண்களைப் பற்றிய இழிந்த பேச்சு ஆகியவற்றை ஆங்கிலேயர் இச்சொல்லால் கண்டிப்பர். இங்குக் குமட்டலுக்கு இடமில்லை. ‘இழிவான’, ‘கேவலமான’, ‘அருவருக்கத்தக்க’ என்பன தமிழில் நிற்கும்.

மூன்றாவது, வன்மை குறைந்த சலிப்பு. பெய்துகொண்டே இருக்கும் மழையையும் ஒழுங்கற்றுக் கிடக்கும் அறையையும்கூட ஆங்கிலேயர் இவ்வடையால் குறிப்பதுண்டு. தமிழ்ப் பேச்சு வழக்கின் ‘கண்றாவி’ இதற்கு மிக நெருங்கியது. ‘அருவருப்பான வானிலை’ என்று பெயர்த்தால் தமிழ் வாசகர் திகைப்பார்.

நான்காவது, விளையாட்டான மிகை. ஒருவர் பெருஞ்செல்வராகவோ நோயற்றவராகவோ இருப்பதை இச்சொல்லின் வினையடை வடிவத்தால் குறிக்கும் நகைச்சுவை வழக்கு ஒன்று உண்டு. அங்கு உட்பொருள் வெறுப்பன்று. பொறாமை கலந்த பாராட்டு. தமிழில் ‘அசூயை’ என்னும் சொல்லின் வரலாறு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. வடமொழியில் பொறாமையைக் குறித்த அச்சொல், தமிழில் அப்பொருளோடு அருவருப்பையும் குறிக்கலாயிற்று. இரு மொழிகளும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஒரே எல்லையை அடைந்துள்ளன.

இந்நான்கு இடங்களுக்கும் ‘அருவருப்பான’ என்னும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது மொழிபெயர்ப்பு வகுப்புகளில் அடிக்கடி காணப்படும் பழக்கம். அதனால் முதல் இரண்டு சாயல்களின் வேறுபாடு மறைகிறது, பின்னிரண்டும் பிழையாகின்றன.

தமிழில் சுவைவழி வெறுப்பு

சுவையிலிருந்து வெறுப்புக்குச் செல்லும் வழி ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழில் ஒவ்வொரு சுவையும் தனித்தனியே அவ்வழியில் சென்றுள்ளது. பலகால் கேட்ட செய்தி ‘புளித்துப்போகிறது’, அது சலிப்பு. உறவு ‘கசந்துபோகிறது’, அது மனமுறிவு. உவர்த்தல் என்னும் வினை உப்புக்கரித்தலோடு வெறுத்தலையும் குறிக்கும். கைத்தல் என்பதும் கசத்தலோடு வெறுத்தல் என்னும் பொருளைக் கொண்டது. இனிப்பும் விலக்கன்று, அளவு மிகுந்தால் அது திகட்டும், தெவிட்டும், உவட்டும். கடற்காற்றும் உவர்நிலமும் சூழ்ந்த ஆற்றுமுகக் கரையில் வாழ்வோர்க்கு ‘உவர்ப்பு’ என்பதன் இரு பொருளும் விளக்க வேண்டாதவை.

ஆங்கிலம் பொதுவாகச் ‘சுவை’ என்பதை மறுத்து ஒரு சொல்லை ஆக்கியது. தமிழோ புளிப்புக்கும் கசப்புக்கும் உவர்ப்புக்கும் இனிப்புக்கும் உரிய வெறுப்புகளை வேறுவேறாகப் பிரித்தது. இதற்கும் மேலான வேறுபாடு ஒன்று அணியிலக்கணத்தில் உள்ளது. தண்டியலங்காரம் சுவையணியில் எட்டுச் சுவைகளைக் கூறுமிடத்து ‘இழிப்பு’ என்பதையும் ஒன்றாக எண்ணுகிறது. வடமொழி நாட்டிய மரபில் ‘பீபத்சம்’ எட்டு ரசங்களுள் ஒன்றாக நிற்பது இதற்கு இணையானது. ஆங்கிலச் சொல்லின் அமைப்பில் சுவையின் மறுப்பாக நிற்கும் உணர்ச்சி, நம் கவிதையியலில் சுவையின் ஒரு வகையாகவே நிற்கிறது. விலக்கத்தக்கது என்று ஒதுக்காமல், நுகர்ந்து அறியத்தக்கது என்று அதனை உள்ளே இருத்திய மரபு இது.

பெயரடை வடிவங்களும் உணர்வோர் இடமும்

இனி, தமிழ் வடிவங்களை இலக்கண நிலையில் நோக்கலாம். ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ்டிங்’ என்பது உணர்ச்சியை எழுப்பும் பொருளுக்கும், ‘டிஸ்கஸ்டட்’ என்பது அவ்வுணர்ச்சியை அடைந்தவருக்கும் அடையாகும். தமிழில் இவ்வெல்லையைக் கீழ்க்காணும் வடிவங்கள் பங்கிட்டுக் கொள்கின்றன.

‘அருவருப்பான’ என்பது உணர்ச்சிப் பெயரோடு ‘ஆன’ சேர்ந்தது. ‘உயரமான மரம்’, ‘ஆழமான கிணறு’ என்பவற்றைப் போன்ற அமைப்பு. உயரம் மரத்தின் இயல்பாவது போல, அருவருப்பும் பொருளின் இயல்பாகிவிடுகிறது. உணர்வோர் இத்தொடரில் தோன்ற வேண்டிய கட்டாயமில்லை.

‘அருவருப்பூட்டும்’ என்பது செயலை உணர்த்துவது. ஊட்டுதல் என்றாலே உண்பவர் ஒருவர் வேண்டும், ஆகவே ‘யாருக்கு?’ என்னும் வினா தானே எழும். ‘பார்ப்பவர்க்கு அருவருப்பூட்டும் காட்சி’ என்னும்போது உணர்ச்சி இருவருக்கிடையே நிகழ்வதாகிறது.

‘அருவருக்கத்தக்க’ என்பது தகுதி பற்றிய தீர்ப்பு. இதனைச் சொல்பவர் ‘அருவருப்பது முறையே’ என்று பொறுப்பேற்கிறார். எனவே செயல்களுக்கும் வழக்கங்களுக்கும் இது பொருந்தும்.

‘அருவருத்த’ என்னும் இறந்தகாலப் பெயரெச்சம் இருமுகம் உடையது. ‘அருவருத்த மனிதர்’ எனின் உணர்ந்தவர். ‘அவர் அருவருத்த உணவு’ எனின் உணரப்பட்டது. ‘டிஸ்கஸ்டட்’ என்பதை ‘அருவருப்பான’ என்று பெயர்த்து, வெறுத்தவரையே வெறுக்கப்பட்டவராக்கிவிடும் மாணவர் பிழைக்கு இவ்வடிவம் மருந்தாகும்.

இவையன்றி, தமிழின் இயல்பான தொடரமைப்பு ஒன்றுண்டு. ‘எனக்கு அருவருப்பாக இருக்கிறது’ என்பதே அது. பசியும் வலியும் நான்காம் வேற்றுமையில் ‘எனக்கு’ நிகழ்வதுபோல, அருவருப்பும் ‘எனக்கு’ நிகழ்கிறது. இங்கு உணர்ச்சியின் இடம் பேசுபவரே. தமிழ் விவிலியத்தில் பலவிடங்களில் ‘கர்த்தருக்கு’ என்னும் நான்காம் வேற்றுமைச் சொல்லோடு அருவருப்பு பயில்வதையும் நோக்கலாம். அங்கும் யாருடைய பார்வையில் ஒன்று வெறுக்கப்படுகிறது என்பது சொல்லப்பட்டே வருகிறது.

‘அது அருவருப்பானது’ என்பதற்கும் ‘எனக்கு அருவருப்பாக இருக்கிறது’ என்பதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று. முன்னது பொருளின் மேல் சார்த்திய குற்றம். பின்னது என் நிலை பற்றிய ஒப்புதல்.

தொல்காப்பியம் கூறும் இளிவரல்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக இளிவரலைக் கூறி, அது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என வரையறுக்கிறது. மென்மை என்பதை வறுமை என்று கொள்வது உரைமரபு. இப்பட்டியலைக் காண்போர் முதலில் வியப்பது அதில் இல்லாதவற்றைக் கண்டே ஆகும். அழுகல் இல்லை, கழிவு இல்லை, பிணம் இல்லை, கெட்ட உணவும் இல்லை. நான்கும் மனித வாழ்வின் தளர்ச்சிகள்.

இளி என்னும் சொல்லுக்கு இழிவு என்பதே பொருள். திருக்குறளின் மானம் என்னும் அதிகாரத்திலும் அச்சொல் அப்பொருளிலேயே பயில்கிறது. ஆகவே இளிவரலை ‘டிஸ்கஸ்ட்’ என்று பெயர்க்கும் வழக்கு முழுமையானதன்று. தன்னையோ பிறரையோ தாழ்ந்த நிலையில் காணும்போது எழும் கூசுதல் என்று அதனை விளக்கலாம். புறநானூற்றின் 243ஆம் பாடல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இளமையில் பெண்களோடு நீராடி, மருதமரக் கிளையேறி ஆழ்ந்த மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளிவந்து காட்டிய ஒருவர், இன்று தடியூன்றி இருமலுக்கிடையே சில சொற்களைப் பேசும் முதியவராகத் தம்மை எண்ணி இரங்குகிறார். கேட்போர் அவரை வெறுப்பதில்லை. அவரும் தம்மை வெறுத்தார் என்பதைவிட, தாம் இருந்த நிலைக்கும் இருக்கும் நிலைக்கும் இடையில் கூசி நின்றார் என்பதே பொருந்தும்.

உரையாசிரியர்கள் மெய்ப்பாட்டை விளக்கும்போது, சுவைக்கப்படும் பொருள், அதனை உணரும் பொறி, உள்ளத்தில் நிகழும் மாற்றம், உடலில் வெளிப்படும் குறி எனப் படிநிலைகளைப் பிரித்துக் காட்டுவர். தன்னிடம் தோன்றுவது, பிறரிடம் தோன்றுவது என்னும் பாகுபாடும் அவர்கள் உரையில் உண்டு. பொருளும் உணர்வோரும் வேறு என்னும் தெளிவு இம்மரபின் அடிப்படை. ‘டிஸ்கஸ்டிங்’ என்னும் ஒற்றைச் சொல், இந்நான்கு படிகளையும் பொருளின் தலையிலேயே ஏற்றிவிடுகிறது.

நெய்தல் நிலத்துச் சான்று

இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுட்பமன்று என்பதை நற்றிணையின் 45ஆம் பாடல் காட்டுகிறது. நெய்தல் திணைக்குரிய இப்பாடலில், தேரில் வந்த செல்வர்குடித் தலைவனிடம் தோழி பேசுகிறாள். தலைவி மீன்பிடிக்கும் பரதவர் மகள். அவனோ வளம் மிக்க மூதூரைச் சேர்ந்தவன். உலரும் மீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டும் எங்கள் மேல் புலால் நாறும், விலகி நில் என்கிறாள். தங்கள் வாழ்வு எளியதாயினும் தங்களிடையேயும் சான்றோர் உண்டு என்றும் சொல்லி முடிக்கிறாள்.

இங்கு வெறுப்புக்கு உரியதாக உயர்குடியினர் கருதக்கூடிய மணத்தை அவளே எடுத்துச் சொல்கிறாள். அவள் வாயில் அது பெயரடையாக வரவில்லை. ‘நாங்கள் நாறுகிறோம்’ என்னும் தன்மைப் பன்மை வினைமுற்றாக வருகிறது. பிறர் தம்மேல் ஒட்டக்கூடிய அடையைத் தம் வினையாக மாற்றிக்கொள்ளும்போது, இளிவரல் என்று தொடங்கிய பேச்சு பெருமிதமாக முடிகிறது. நறுமணத்தையும் குறித்து வந்த ‘நாற்றம்’ என்னும் சொல் பிற்காலத்தில் தீநாற்றத்துக்கே உரியதாகச் சுருங்கியது நாம் அறிந்ததே. இன்றும் காரைக்கால் கரையோர ஊர்களில் கருவாடு உலர்த்தும் மணல்வெளியைக் கடந்து செல்வோருள் ஒருவர்க்கு அது கவிச்சி; மற்றொருவர்க்கு அன்றைய உழைப்பின் பயன். மணம் ஒன்றே, முகஞ்சுளிப்பது யார் என்பதே வேறு.

அம்மையார் வரலாறு: சுவையில் தொடங்கி உருவில் முடிதல்

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனி மாதத்து முழுநிலவை ஒட்டி மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிட்சாடனர் வீதியுலா வரும்போது மக்கள் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வீச, கீழே நிற்போர் ஏந்திக்கொள்கின்றனர். இவ்விழாவின் மூலமான வரலாறு ஒரு சுவை வேறுபாட்டில் தொடங்குவது நம் ஆய்வுக்கு மிகவும் நெருங்கியது.

வணிகர் தலைவர் தனதத்தரின் மகளான புனிதவதியார், கணவர் பரமதத்தர் அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றைச் சிவனடியார்க்கு அளித்துவிட்டார். எஞ்சிய கனியை உண்ட கணவர் மற்றதையும் கேட்க, இறையருளால் பெற்ற கனியைப் படைத்தார். அதன் சுவை முன்னதைவிட வேறாக இருந்ததால் கணவர்க்கு ஐயம் எழுந்தது. உண்மையறிந்து அவர் அஞ்சினார்; மனைவியைத் தெய்வமாகக் கருதி விலகினார்; பாண்டி நாட்டில் வேறு மணம் புரிந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டார். பின்னர் அவரே தம் அடியில் விழுந்து வணங்கியதைக் கண்ட அம்மையார், கணவர்க்காகத் தாங்கிய ஊனுடம்பை நீக்கிப் பேயுரு அருளுமாறு இறைவனை வேண்டிப் பெற்றார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதனை 66 பாடல்களில் பாடியுள்ளார்.

அம்மையார் தலையால் நடந்து கயிலை சென்றபோது வழியில் கண்டவர் நிலையைச் சேக்கிழார் எவ்வாறு கூறுகிறார்? அவர்கள் வியந்தனர், அஞ்சினர், அகன்று ஓடினர். தொல்காப்பியர் மொழியில் கூறின் மருட்கையும் அச்சமும் அங்குள்ளன, இளிவரல் இல்லை. மக்கள் கூற்றைக் கேட்ட அம்மையாரின் மறுமொழி இன்னும் கூர்மையானது. இறைவன் தம்மை அறிவானாயின், உண்மை அறியாத மக்களுக்குத் தாம் எவ்வுருவாய்த் தோன்றினால் என்ன என்பது அதன் கருத்து. உருவம் ‘மக்களுக்கு’ எவ்வாறு தோன்றுகிறது என்று நான்காம் வேற்றுமையில் வைத்துப் பேசும் இவ்விடம், மேலே கண்ட இலக்கண வேறுபாட்டின் இலக்கிய வடிவம் எனலாம். கயிலையில் இவ்வெலும்புருவைக் கண்டு உமையம்மை வினவ, இறைவன் தம்மைப் பேணும் தாய் என்று உரைத்து ‘அம்மையே’ என அழைக்கிறான். ஒரே உருவம் வழிப்போக்கர்க்கு அச்சம், இறைவனுக்குத் தாய்.

அம்மையார் தாமே பாடியவற்றில் இது மேலும் தெளிவாகிறது. அற்புதத் திருவந்தாதி, திருஇரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகியவை அவர் பாடல்கள். பதிகங்களில் சுடுகாடும் அதில் உலவும் பெண்பேயின் வற்றிய உடலும் எலும்பும் நரம்பும் கண்ணிமைக்காமல் பாடப்படுகின்றன. மூப்பு, தளர்ச்சி என்னும் இளிவரல் களன்கள் அவ்வுடலில் நிறைந்திருந்தும், பாடுபவர் தம்மைக் ‘காரைக்காற் பேய்’ என்றே முத்திரையிட்டுக்கொள்கிறார். நெய்தல் தோழி புலால் மணத்தைத் தன் வினையாக்கியதுபோல, இவர் பேய்மையைத் தம் பெயராக்கினார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் வற்றிய மார்பும் புடைத்த எலும்பும் கொண்டு, கையில் தாளமேந்தி அமர்ந்திருக்கும் அம்மையாரின் முகத்தில் புன்னகை உள்ளது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அத்தகைய திருமேனி ஒன்று உள்ளது. இத்திருமேனியின் முன் ‘டிஸ்கஸ்டிங்’ என்னும் அடையை வைத்தால், காண்பவரின் முதற்கண அதிர்ச்சி சிலையின் இயல்பாக எழுதப்பட்டுவிடும்; அப்புன்னகைக்கு அத்தொடரில் இடமிராது.

மொழிபெயர்ப்பில் கொள்ளத்தக்க நெறி

மேற்கண்டவற்றிலிருந்து, ‘டிஸ்கஸ்டிங்’ என்பதைத் தமிழாக்குவோர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். யாருக்கு அருவருப்பு? எதனால் அருவருப்பு? அருவருப்பது தகுமா? முதல் வினாவுக்கு விடை தேவைப்படும் இடத்தில் ‘காண்போர்க்கு அருவருப்பூட்டும்’ என்பதும், இரண்டாவதற்குக் ‘குமட்டும்’, ‘முகஞ்சுளிக்க வைக்கும்’ போன்ற குறிப்பான சொற்களும், மூன்றாவதற்கு ‘அருவருக்கத்தக்க’ என்பதும் பொருந்தும். கெட்ட உணவுக்கு ‘அருவருப்பான’ என்பதால் தீங்கில்லை. உணவுக்கு மானம் இல்லை.

மனிதரைப் பற்றி எழுதும்போதுதான் வடிவத் தேர்வு அறப்பொருள் பெறுகிறது. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணியில் ஆட்களை அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதனைப் பற்றிய ஆங்கிலச் செய்தியில் இவ்வடை வரின், ‘அருவருப்பான தொழில்’ என்னும் பெயர்ப்பு, தொழிலைப் பிறப்போடு பிணைத்துப் பழகிய சமூகத்தில் மிக எளிதாகத் தொழில் செய்பவர்மேல் நழுவிவிழும். ‘அருவருக்கத்தக்க வழக்கம்’ எனின், குற்றம் அவ்வழக்கத்தை நிலைநிறுத்தியவர்மேல் நிற்கும். தொழுநோயாளர், முதியோர், மீனவப் பெண்கள் ஆகியோரைக் குறிக்கும் இடங்களிலும் இவ்விழிப்பு வேண்டும். மூப்பும் பிணியும் வருத்தமும் வறுமையும் இளிவரலின் களன்கள் என்றே தொல்காப்பியம் கூறியது. அவற்றை உடையவர் இழிந்தவர் என்று கூறவில்லை.

முடிவுரை

‘டிஸ்கஸ்டிங்’ என்னும் ஆங்கிலப் பெயரடை சுவைமறுப்பு என்னும் வேரிலிருந்து தோன்றி, புலன், ஒழுக்கம், சலிப்பு, நகை எனப் பல சாயல்களில் விரிந்தது. அதற்கு ‘அருவருப்பான’ என்னும் ஒரே நேர்ச்சொல் போதாது. தமிழ் சுவைவழி வெறுப்புகளைத் தனித்தனியே பெயரிட்டதோடு, இழிப்பையும் ஒரு சுவையாக எண்ணியது. நான்காம் வேற்றுமைத் தொடரால் உணர்வோரை வெளிப்படையாக நிறுத்தும் ஆற்றலும் தமிழுக்கு உண்டு. நற்றிணைத் தோழியும் காரைக்கால் அம்மையாரும் பிறர் பார்வையில் எழும் இழிப்பைத் தமதாக ஏற்று, அதனைப் பெருமிதமாக மாற்றிய முன்னோடிகள்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட ஆங்கிலச் சுருக்கத்தில் அவ்வடை நீக்கப்பட்டது. அதனிடத்தில், கண்டவர் அஞ்சி ஓடினர் என்றும், அவரோ தம்மைக் காரைக்காற் பேய் என்று அழைத்துக்கொண்டார் என்றும் இரு சிறு தொடர்கள் எழுதப்பட்டன. அவை நீளமானவை, ஆயினும் சேக்கிழார் கூறியதற்கு நெருங்கியவை.